வயிற்றில் அசைவு குறைந்த நாள்

என் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. எப்போது இறந்தது என்று எனக்குத் தெரியாது. சுமந்தவளுக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. அந்த வெட்கத்தோடுதான் சபையாராகிய உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ஆர்.கே.பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. தறி ஓடினால் தரை அதிரும், கட்டில் அதிரும், குடத்துத் தண்ணீர்கூட அதிரும். அப்போது எனக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. கால் வீங்கியிருந்தது. தலைவலி விடவேயில்லை. தறிக்குப் பக்கத்தில் நின்றால் யாருக்குத்தான் வலிக்காது என்று அந்த மாதம் பரிசோதனைக்கும் போகவில்லை. வயிற்றில் கை வைத்தால் துடிப்பு தெரிந்தது. பிள்ளை சுகமாக இருக்கிறான் என்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. தறி நின்றது. என் கை வயிற்றின் மேல் இருந்தது. அந்தத் துடிப்பும் நின்றுவிட்டது. இத்தனை நாள் நான் தொட்டு மகிழ்ந்தது தறியின் அதிர்வைத்தான்.

மாமியாரிடம் சொன்னேன்.

"கடசி மாசத்துல புள்ள தூங்கிகினே இருக்கும்மா. நீ பயப்படாத" என்றார்.

பயப்படுவது விசுவாசக் குறைவு என்று நினைத்தேன். ஒரு நாள் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிள்ளைக்கு இதயத் துடிப்பு இல்லை. பிரஷர் ஏறியதால் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்றார் டாக்டரம்மா. சிலருக்குக் காரணமே தெரியாமல் போகும், உனக்குத் தெரிந்துவிட்டது, அடுத்த முறை அசைவு குறைந்தால் உடனே வா என்றார். ஊரிலோ, என்ன பாவம் செய்தாளோ என்று என் காதுபடவே பேசினார்கள். ஒரு வருஷம் நான் வேதத்தைத் திறக்கவில்லை. ஆண்டவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

மறுபடி உண்டானபோது சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஏழாம் மாதமே பிரஷர் மாத்திரை ஆரம்பித்தார்கள். பிள்ளையைக் காப்பாற்றும் என்று ஆண்டவரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. "ஆண்டவரே, ஆபத்து வந்தால் எனக்குத் தெரியப்படுத்தும்" என்று மட்டும் கேட்டேன். என் வீட்டுக்காரர் டேனியல் தினமும் இரண்டு வேளை தறியை நிறுத்துவார். நான் இடது பக்கமாகப் படுத்து, வயிற்றில் கை வைத்துக் காத்திருப்பேன். துணி எங்கே என்று, எங்களுக்கு நூல் கொடுக்கிற முதலாளி போனில் சத்தம் போடுவார். இவர் காதில் வாங்கவே மாட்டார்.

ஆடிக் கிருத்திகை அன்று காலையில் தறி நின்ற பிறகும் என் கையில் ஒன்றும் படவில்லை. வெகுநேரம் கழித்து லேசாக ஒரு அசைவு. அவ்வளவுதான். போதகரை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கலாம் என்றார் மாமியார்.

"ஜெபத்த வண்டியில பண்ணிக்கலாம் அத்தை. மொதல்ல ஆட்டோவக் கூப்புடுங்க" என்றேன். அவரிடம் அதுவரை நான் அப்படிப் பேசியதே இல்லை.

திருத்தணி ரோடு முழுக்கக் காவடி. ஆட்டோ அப்படியே நின்றுவிட்டது. டேனியல் இறங்கி, காவடியோடு போன ஒருவரிடம் ஓடினார்.

"அண்ணா, மாசமா இருக்கறவங்க வண்டில இருக்காங்க. புள்ள அசையலங்க."

"ஆங், என் பின்னாலயே வந்துகினு இருங்க" என்றார் அவர்.

காவடியைத் தோளில் வைத்தபடியே ஆட்டோவுக்கு முன்னால் நடந்தார். கூட்டம் காவடிக்கு வழி விட்டது. அந்த வழியில் நாங்கள் போனோம். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் மலைப்பக்கம் திரும்பிவிட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தினமும் அவருக்காக ஜெபிக்கிறேன்.

பிள்ளையின் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். என் மகள் பிறந்ததும் அழவில்லை. முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அழுதாள். பல நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்துதான் என்னிடம் கொடுத்தார்கள். அவளைத்தான் இதோ மாமியார் மடியில் வைத்திருக்கிறார்.

நான் கேட்டபடியே கர்த்தர் எனக்குத் தெரியப்படுத்தினார். அந்தப் பயம் அவர் தந்தது. நீங்களும் அவரை நம்புங்கள். நம்பிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். இங்கே மாசமாக இருக்கிற சகோதரிகள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களில் யாருக்காவது அசைவு குறைந்ததாகத் தோன்றினால், என் சாட்சி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இப்போதே எழுந்து போங்கள். நாங்கள் இங்கே முழங்காலில் இருப்போம்.