காற்றுத் துளையில் ஒரு பொட்டு

விரலால் தொடும் திரைகள் எல்லாருடைய சட்டைப்பைக்கும் வந்துசேர்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு சின்னக் கம்பனியில் அந்தமாதிரி ஒன்றைச் செய்யும் வேலையில் இருந்தேன். மேசை அளவுப் பலகை அது. பத்து விரலையும் ஒரே நேரத்தில் வைக்கலாம்; எந்த விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று தனித்தனியாகச் சொல்லும். உள்ளே இரண்டு மெல்லிய தாள்கள், நடுவில் மயிரிழை இடைவெளி. அழுத்தினால் தாள்கள் ஒட்டும், விட்டால் பிரியும். இடையிலுள்ள காற்று போய்வர ஒரு மூலையில் சிறு துளை.

ஊரில் வானொலி திருத்தியவன் நான். மொன்ட்ரியாலுக்கு வந்து மூன்று வருடம் கிடங்கில் பெட்டி தூக்கியபின் கிடைத்த வேலை. தற்காலிகம்தான், அந்த இலையுதிர்காலத்தில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காக எதையும் வாயை மூடிக்கொண்டு செய்வேன் என்றிருந்தேன். மூடியதுதான் பிழை.

எனக்கு மேலே இருந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். வேலையை எடுத்துத் தந்ததும் அவர்தான். வாங்க வருகிறவர்களுக்குப் பலகையைக் காட்டும் நாளுக்கு முதல்நாள் ஆயுத பூசை. மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் அண்ணை பையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு எங்கட பிழைப்பே இதிலைதான். ஒரு பொட்டு வையும்."

"எங்கை அண்ணை வைக்கிறது?"

"நடுவிலை வைச்சால் தெரியும். அந்த மூலையிலை வையும்."

பொட்டுக்கென்றே செய்ததுபோல அங்கே அந்தத் துளை இருந்தது. அதன்மேலேயே வைத்தேன். தாள் ஒட்டுகிறவன் நான், துளை எதற்கென்று தெரிந்தவன். சாமி விசயம் என்றதும் அறிவு விடுப்பில் போய்விட்டது. அண்ணையும் பார்த்துக்கொண்டு நின்றார். கும்பிட்டார்.

மறுநாள் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. வந்தவர் ஒருவர் பத்து விரலையும் வைத்து அழுத்தினார். எடுத்தார். பலகையோ பத்தும் இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாகக் காட்டியது. அழுத்தியபோது சந்தனத்தின் விளிம்பை நெம்பி வெளியே போன காற்றுக்கு, பொட்டு திரும்பவும் துளையோடு ஒட்டிக்கொண்டதில், உள்ளே வர வழியில்லை. அவர்கள் மரியாதையாகப் பிரெஞ்சில் "மெர்ஸி" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

முதலாளி மூலையை நகத்தால் சுரண்டி, மஞ்சள் தூளைக் காட்டி, யார் வேலை என்று கேட்டார். அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: இது அவனுடைய நம்பிக்கை, நான் வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில் மெதுவாக, "தம்பி, இப்ப ஒண்டும் கதையாதையும். பேந்து நான் சரிக்கட்டுறன்" என்றார்.

நான் கதைக்கவில்லை. வேலை எடுத்துத் தந்தவரை முதலாளி முன்னால் பொய்யனாக்கக் கூடாது என்கிற எங்கள் ஆட்களின் புத்தி. அந்த வெள்ளிக்கிழமையோடு என்னை நிறுத்தினார்கள். திரும்பவும் கிடங்கு, திரும்பவும் பெட்டி. அண்ணை சொன்ன அந்தப் 'பேந்து', அந்தப் பிறகு, வரவேயில்லை.

அடுத்த வருடம் நவராத்திரிக்கு வீட்டுக்கு வரச்சொன்னார். மானங்கெட்டவன், போனேன். ஒருவேளை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார் என்ற நப்பாசை. சாமிப் படங்களுக்கு முன்னால் அவருடைய மடிக்கணினி இருந்தது. மூடியின் நட்டநடுவில் சந்தனப் பொட்டு. பக்கத்திலுள்ள காற்றுத் துளைகளில் ஒரு துளி படவில்லை.

"வாரும் தம்பி, நீரும் கும்பிடும்" என்றார்.

கும்பிட்டேன். அவலும் கடலையும் வாங்கித் தின்றேன். அவரைக்கூட மன்னித்துவிடலாம்; தின்றதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.