மஞ்சவாடி இறக்கம்

ஏற்காட்டுக்கு நாங்கள் ஒரு நாளும் சைக்கிளில் போனதில்லை. சேலத்தில் குடியிருந்துகொண்டு, ஞாயிறுதோறும் சைக்கிளில் மலை ஏறுகிறவர்கள் என்று பெயரும் வாங்கிவிட்டு, கண்ணுக்கு எதிரே நிற்கிற மலைக்குப் போகாமல் இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? செவ்வாய்ப்பேட்டைக் காப்பிக் கடையில் எங்களை வைத்துத்தான் பொழுது போகும். "புத்தியிருக்கறவன் ரயில்ல மேல போயி சைக்கிள்ல உருண்டு வருவான். இவங்க மூச்சு முட்ட மிதிச்சு ஏறிட்டு, எறங்கறதுக்கு ரயிலுக்குச் சீட்டு வாங்கறாங்க" என்பார் கடைக்காரர். சைக்கிளுக்கும் தனியாக லக்கேஜ் சீட்டு வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அவருக்குப் பதில் சொல்ல எங்களுக்கு வாய் இல்லாமல் இல்லை. சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை.

நாங்கள் நான்கு பேர். நான் நூல் மண்டி ஒன்றில் குமாஸ்தா. எங்களில் மூத்தவர் பஜாரில் கடை வைத்திருந்த தையற்காரர். மூன்றாமவர் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுக்கும் கம்பவுண்டர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நான்காமவன் என் வயதுக்காரன், பரமத்தி வேலூரில் கொடிக்கால் வைத்த குடும்பம். ஊரிலிருந்து வரும் வெற்றிலைக் கட்டுகளை விற்பதற்காகச் சேலத்தில் மண்டி போட்டு, ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டில் அக்காளோடும் மனைவியோடும் இருந்தான். எனக்கு அவன் மாப்பிள்ளை முறை. நால்வரும் ஓய்ந்த நேரத்தில் ராசிபுரம் சாலையில் வெண்ணந்தூர் வரை மிதித்துவிட்டு, கரும்புச் சாறு குடித்துவிட்டுத் திரும்புவோம். அதில் மலையும் இல்லை, திட்டமும் இல்லை.

உலகச் சண்டை தொடங்கிய சமயத்தில் அவன் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரர்கள், கருமாதிச் சாப்பாட்டுக் கையைக் கழுவும்போதே அடுத்த பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவன் யாரிடமும் கோபப்படவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை மடித்துக் கொடுத்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவனுடைய அக்கா என்னைத் தேடி மண்டிக்கே வந்துவிட்டது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னது.

"சாமி, மத்த நாளு மண்டிக்குப் போயிடறானுங்க. ஞாயித்துக்கெழமையானாத்தான் எனக்கு ஈரக்கொல நடுங்குது. விடிஞ்சதுலிருந்து கெணத்து மேட்டுலயே குக்கீட்டு ஒக்காந்து உள்ள பாத்துக்கிட்டு இருக்கறான். சோத்துக்குக் கூப்பிட்டாலும் காதுல உழுகறதில்லைங்க. போன வாரம் கால உள்ள தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தான். நாந்தான் ஓடிப் போயித் துண்டப் புடிச்சு இழுத்தேன். அவனுக்குத் தெரியாம எங்கியாச்சும் கூட்டீட்டுப் போங்க சாமி. ஞாயித்துக்கெழம ஒரு நாளு மட்டும் அவன எங்ககிட்டருந்து எடுத்துக்கோங்க."

அவனுக்குத் தெரியாமல் அவனையே கூட்டிக்கொண்டு போவது எப்படி என்று அப்போது நான் யோசிக்கவில்லை. சரி என்றேன்.

சனிக்கிழமை கடை சாத்தியபின் தையற்காரர் கடையில் மூன்று பேரும் கூடினோம். அவர் துணி வெட்டும் மேசை மேல் சாக்குக் கட்டியால் கோடு போட்டு வழி சொல்வார். சேலம், ஓமலூர், தொப்பூர், தர்மபுரி, மொரப்பூர் என்று புள்ளி வைத்து, ரயில் பாதைக்குக் குறுக்குக் கோடு போட்டுக் காட்டுவார். எங்கே போனாலும் மேடு வேண்டும் என்றார் கம்பவுண்டர். "தட்டையான ரோட்டுல மிதிச்சா காலு பாட்டுக்குக் காலு போகும், மனசு பாட்டுக்கு மனசு போகும். ஏத்தத்துல அப்படி முடியாதுப்பா. மூச்சு விடவே நேரம் பத்தாது." அது எங்களுக்குச் சரியாகப் பட்டது. ஆனால் ஏறினால் இறங்கியாக வேண்டுமே. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், கையில் பிரேக்கை விட்டால் போதும். அந்த நினைப்பு வந்ததும் தையற்காரர் மேசை மேல் போட்ட கோட்டைத் துணியால் அழித்தார்.

ரயில் வந்தது அப்படித்தான். வடக்கே போகப் போக நிலம் உயர்கிறது. தொப்பூர்க் கணவாய் ஏறினால் தர்மபுரிச் சீமை, மஞ்சவாடிக் கணவாய் ஏறினால் பாப்பிரெட்டிப்பட்டி. இரண்டுக்கும் அந்தப் பக்கம் சரிவு சொற்பம், ரயிலடியும் எட்டுகிற தூரத்தில். ஏற்றத்தை நாங்கள் மிதித்துவிட்டால் இறக்கத்தை ரயில் பார்த்துக்கொள்ளும். ஏற்காட்டிலிருந்து ரயில் கிடையாது, அதனால் ஏற்காடு இல்லை. கொல்லிமலைக்கு வண்டிப் பாதையே கிடையாது. நாமக்கல் பக்கம் ரயிலே இல்லை. எங்கள் மலைகளை நாங்கள் அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. கீழே உருளாமல் வீடு திரும்ப வழி இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தோம்.

அவன் வந்தான். மறுக்கவே இல்லை. தையற்காரர் முன்னால், அவன் நடுவில், நான் பின்னால், கம்பவுண்டர் கடைசியில் என்று வரிசை வைத்தோம். எந்த வழியிலும் இடையே ஒன்றிரண்டு சின்னச் சரிவுகள் வராமல் இருக்காது. அந்த இடங்களில் கம்பவுண்டர் தன் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். "ஐயோ, பஞ்சர்" என்று சத்தம் போடுவார். எல்லோரும் இறங்கி அவருக்குத் துணையாகத் தள்ளிக்கொண்டு நடப்போம். கீழே வந்ததும் பஞ்சரைக் காணோம், பம்பு அடித்தால் சரியாகிவிடும். "கம்பவுண்டரே, உங்க டயருக்கு மட்டும் எறக்கத்தக் கண்டா பயமுங்களா?" என்று அவன் கேட்பான். கேட்டுவிட்டுக் கொஞ்சம் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் வாரம் பூராவும் காத்திருந்தோம் என்று சொன்னால் மிகையில்லை.

ஏற்றத்தில் அவன் மிதிப்பதைப் பின்னாலிருந்து நான் பார்ப்பேன். சட்டை முதுகோடு ஒட்டிப்போய், தலை கீழே கவிழ்ந்து, ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு மொத்தமும் ஒரு பக்கம் சாயும். மேலே போய் மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது அவன் முகம் காலியாக இருக்கும். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. துக்கம் இல்லாத முகம், அவ்வளவுதான். கட்டுச்சோற்றைக் கேட்டு வாங்கித் தின்பான். வெற்றிலையின் விலையைப் பற்றிப் பேசுவான். ரயிலில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவான். சேலம் ஜங்ஷன் நெருங்க நெருங்க அவனை எழுப்ப எனக்கு மனம் வராது. வீட்டில் கிணறு இருக்கிறதே.

இப்படியே கோடை போயிற்று, ஆடிக் காற்றும் ஓய்ந்தது. ஒரு ஞாயிறு மஞ்சவாடி ஏறிப் பொம்மிடி ரயிலடிக்குப் போய்ச் சேர்ந்தால், வந்த வண்டி முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். சைக்கிளை ஏற்றும் பிரேக் வேனில் அவர்கள் சாமான். ஆளுக்கே இடமில்லை, சைக்கிளைப் பற்றிப் பேசாதே என்று கார்டு கையை வீசிவிட்டுப் போனார். அடுத்த வண்டி எப்போது வரும், அதில் யார் இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை எல்லோருக்கும் வேலை. "வந்த வழியே போயிடலாமுங்க. எறக்கந்தானே, பொழுதோட போயிச் சேந்துரலாம்" என்றான் அவன், மிகச் சாதாரணமாக. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேறு வழி ஏதும் தோன்றவில்லை.

கணவாயின் உச்சிக்கு வந்தபோது மேகம் கவிந்து வெளிச்சம் மங்கியிருந்தது. கம்பவுண்டர் வழக்கம்போல் "பஞ்சர்" என்றார். அந்த நீளத்தையும் தள்ளிக்கொண்டே நடந்தால் இருட்டிவிடும் என்று அவனே பம்பை வாங்கி அடித்துக் கொடுத்துவிட்டான். அப்போதுதான் தையற்காரருக்கு அந்த யோசனை வந்தது. மலை இறக்கத்தில் வண்டிக்காரர்கள் செய்வது உண்டு, சைக்கிள்காரர்களும் செய்வது உண்டு. தழையோடு ஒரு கொப்பை வெட்டிப் பின்னால் கட்டிவிட்டால் தரையில் இழுபட்டு வேகம் பிடிக்காது. அவர் சாலையோரத்து உசில மரத்தில் ஒரு பெரிய கொப்பை முறித்தார். எங்களிடம் ஒரே ஒரு கயிறுதான் இருந்தது. அதை அவன் சைக்கிளின் பின்னால் கட்டினார். நான் குனிந்து முடிச்சுப் போட உதவினேன்.

அவன் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எங்கள் மூன்று சைக்கிளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"எனக்கு மட்டும் எதுக்குங்க கொப்பு?"

"உன் பிரேக் கட்டை தேஞ்சிருக்குப்பா" என்றார் கம்பவுண்டர்.

அவன் பின் சக்கரத்தைத் தூக்கிக் காலால் பெடலைச் சுழற்றினான். சக்கரம் வேகம் எடுத்ததும் பிரேக்கைப் பிடித்தான். அப்படியே நின்றது. மறுபடி சுழற்றினான், மறுபடி நின்றது.

"அக்கா சொல்லுச்சுங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

எனக்குப் பொய் சொல்லத் தெரியும். மண்டியில் நாள் தவறாமல் சொல்கிறவன்தான். அந்த இடத்தில் நான் போட்ட முடிச்சையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப இத்தன நாளும் நீங்க மல ஏற வரலை. என்னயக் காவல் காக்க வந்தீங்க." அவன் குரல் உயரவில்லை. "ஊரெல்லாம் என்னயப் பொண்டாட்டிய வாரிக் குடுத்தவன்னுதான் பாக்குது. பரிதாபம் பேசாம வெத்தல வாங்கறவன் ஒருத்தன் இல்ல. ஞாயித்துக்கெழம ஒண்ணுதானுங்க, நான் அப்பிடி இல்லாம ஒரு ஆளா இருந்தேன். ஏத்தம், சோறு, தூக்கம். உங்க மூணு பேருக்காச்சும் நான் நாலுல ஒருத்தன்னு நெனச்சிருந்தேன் மாப்ளே."

தையற்காரர் அழுதுவிட்டார். வயதில் மூத்த மனிதர் நடுரோட்டில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றது எனக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. கொப்பை அவிழ்த்துவிடு என்று நான் சொல்லியிருப்பேன். அதற்குள் அவன் ஏறி உட்கார்ந்துவிட்டான். கொப்பு தரையில் சரசரவென்று இழுபட, புழுதியைக் கிளப்பிக்கொண்டு, திருப்பம் திருப்பமாக இறங்கினான். அவன் பின்னால் நாங்கள் அந்தப் புழுதியை விழுங்கிக்கொண்டு போனோம். அடிவாரத்தில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, கொப்பின் மேல் வைத்துவிட்டு, எங்களுக்காகக் காத்திராமல் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு நாங்கள் அவன் வீட்டுக்குப் போனோம். அக்காவுக்கு எங்களைக் கண்டதும் முகம் வெளுத்துப் போயிற்று. "விடியக்காலமே சைக்கிள எடுத்துக்கிட்டு ரயிலுக்குப் போனானுங்களே. உங்களோடயின்னுதான் நெனச்சேன். உங்களோட இல்லீங்களா?"

ஜங்ஷனுக்கு ஓடினோம். ஆமாம், வெற்றிலை மண்டிக்காரர் பொம்மிடிக்குச் சீட்டு வாங்கிச் சைக்கிளை ஏற்றினார் என்றான் போர்ட்டர். எங்கள் திட்டத்தை அவன் தலைகீழாக்கிவிட்டான். ரயிலில் மேலே போய், மஞ்சவாடி இறக்கத்தில் தனியாக வரப்போகிறான். நாங்கள் எதை வராமல் தடுக்க அத்தனை கோடு போட்டோமோ, அது மட்டும்தான் அவனுக்கு அன்று வேண்டியிருந்தது.

மஞ்சவாடி அடிவாரத்துக்கு மிதித்தோம், அங்கே ஒரு காப்பிக் கடை இருந்தது. அதன் பின்பக்கத்துப் பந்தலுக்குள் சைக்கிள்களை மறைத்துவிட்டு மூவரும் உட்கார்ந்தோம். மேலே ஏறிப் போய் எதிர்கொள்ளலாம் என்றேன் நான். மறுபடியும் காவலா என்று கேட்டார் தையற்காரர். வாங்கிய காப்பி ஆறிப்போயிற்று. மேலேயிருந்து மாட்டு வண்டிகள் வந்தன, விறகுக்காரிகள் வந்தார்கள். வழியில் யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று கேட்க ஒவ்வொரு முறையும் கம்பவுண்டர் எழுந்திருப்பார். கேட்காமலே உட்கார்ந்துவிடுவார். அந்தப் பகலைப் போல ஒரு பகல் என் வாழ்நாளில் வேறு இல்லை. கடவுளிடம் நான் என்னென்ன ஒப்புக்கொண்டேன் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தான். கொப்பும் இல்லை, கூட்டும் இல்லை. தலை நிமிர்ந்து, சட்டை காற்றில் உப்பி, எங்கள் பந்தலைத் தாண்டிப் போய்விட்டான். பார்த்தானா என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அவனுக்கு அதுதான் வழி, எங்களுக்கு அந்தப் பந்தல்தான் இடம். அவனுடைய மண்டிக்குப் போய் நான் பேசிப் பார்த்தேன். வெற்றிலை மடித்துக் கொடுத்தான். துக்கம் விசாரிக்க வந்தவனுக்குக் கொடுப்பது போல அதே மாதிரி மடித்து, அதே மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தான். நான் அதை வாயில் போடாமல் வெளியே வந்து தெருவில் நின்றுகொண்டிருந்தேன். இனி அவன் எங்களோடு வரமாட்டான் என்பது அப்போது உறுதியாகிவிட்டது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு அடை மழை. மலையே தெரியவில்லை. வழக்கமான நேரம் போய் வெகு நேரமாகியும் ஆளைக் காணோம். மறைந்து உட்காரும் நினைப்பெல்லாம் எங்களுக்கு விட்டுப்போயிற்று. மூன்று பேரும் நடுச்சாலையில் வந்து நனைந்துகொண்டு நின்றோம். தையற்காரர் வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் திருப்பத்தில் அவன் தெரிந்தான். முட்டி வரை சேறு, வழியில் எங்கோ விழுந்திருக்க வேண்டும், முழங்கையில் ரத்தம் மழையோடு வழிந்தது. எங்களைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தான். நின்றுவிடுவான் என்று நினைத்து நான் கையைக்கூட நீட்டிவிட்டேன். நிற்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"வந்துட்டனுங்க. ஊட்டுக்குப் போங்க."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த ஞாயிறும் அதையே சொன்னான், அதற்கடுத்த ஞாயிறும். எங்கள் பக்கம் திரும்பாமல், நிற்காமல், அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனான். நாங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அவன் திரும்பிப் பார்த்தாலும் தெரியாத தூரம் விட்டு, அவனுக்குப் பின்னால் வீட்டுக்குப் போனோம்.