வெங்கடம்மாவின் கையளவு

கங்கப்பன் சாப்பிடுவதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். உத்தனப்பள்ளியைச் சுற்றி எந்தக் கல்யாணமானாலும், பந்தியில் அவர் உட்கார்ந்துவிட்டால் பரிமாறுகிறவன் தட்டை வைத்துவிட்டுக் கூடையையே தூக்கி வருவான். கெலமங்கலத்தில் ஒருமுறை இருபத்திரண்டு ஒப்பட்டு, வெல்லப் பூரணம் வைத்த போளி, நெய்யோடு. வீட்டில் ராகிக் களி. அந்தப் பக்கத்தில் களியை மெல்லமாட்டார்கள். பிட்டு, குழம்பில் புரட்டி, விழுங்குவார்கள். மென்றால் சீக்காளி என்று பேர். நான்கு உருண்டை உள்ளே போன பிறகுதான் கங்கப்பன் தலை நிமிர்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருஷம் ஆடி மாதம் வலது கால் கட்டைவிரலில் கல் பட்டது. வலிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டார். புரட்டாசியிலும் புண் ஆறவில்லை. ஓரம் கறுத்து வந்தது. தண்ணீர் தாகம் வேறு, குடம் குடமாகக் குடித்தார். மனைவி வெங்கடம்மா பஸ் ஏற்றி ஓசூருக்கு அழைத்துப்போனாள்.

டாக்டரம்மா கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் அவருடைய சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது.

"சர்க்கரை வியாதி. நீலம் நீலமாவே நிக்கணும். இப்படியே போனா முதல்ல விரல எடுக்கணும், அப்புறம் பாதத்தை."

"கால எடுத்துட்டா கபிலை எப்பிடிங்க ஓட்டறது?"

அவருக்கு வேறு கேள்வி இல்லை. அவருடைய நான்கு ஏக்கரும் மாடு கட்டி இறைக்கும் அந்தக் கபிலைக் கிணற்றை நம்பி இருந்தன. மாடுகள் சரிவில் இறங்கும்போது தோல் சால் தண்ணீரோடு மேலே வரும். பிறகு மாடுகளைப் பின்னுக்கு நடத்தி மேட்டில் ஏற்ற வேண்டும். நாளெல்லாம் இதுதான் வேலை. ஒற்றைக் காலோடு அந்தச் சரிவில் யாராலும் நிற்க முடியாது.

டாக்டரம்மா புண்ணைக் கழுவிக் கட்டினார், ஊசி போட்டார். "வெல்லம் வேணாம், ஒப்பட்டு வேணாம், நெல்லுச் சோறு வேணாம். வேளைக்கு ஒரு உருண்டை களி, தட்டு நிறைய கீரை. மென்னு சாப்பிடுங்க."

கங்கப்பன் சொல் தட்டாதவர். அன்று இரவு முதல் ஒரே உருண்டைதான். அது பரங்கிக்காய் அளவு இருந்தது.

"நாலையும் ஒண்ணாச் சேத்து உருட்டச் சொல்றீங்களே, இது நாயமா?" என்றாள் வெங்கடம்மா.

"எத்தினி இருக்குதுன்னு எண்ணிக்கோ. ஒண்ணுதானே?"

அவர் ஏமாற்றவில்லை. அந்த வீட்டில் உருண்டைக்கு அளவு என்று ஒன்று இருந்ததே இல்லை. இரண்டு வாரம் கழித்துக் குழாய் மறுபடி செங்கல் நிறம் காட்டியது.

"ஒரே உருண்டைங்க. மாரியம்மா மேல ஆணை" என்றார் கங்கப்பன். வெங்கடம்மா இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கைய மூடுங்க. அந்த அளவுதான் உருண்டை" என்றார். கங்கப்பன் மூடிய கையை நீட்டினார். மண்வெட்டி பிடித்த கை, சிறுபிள்ளையின் தலை அளவு இருந்தது. டாக்டரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க கை வேணாம். அம்மா, நீங்க மூடுங்க."

வெங்கடம்மாவின் கை ஓர் எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிது. பஸ்ஸில் திரும்பும்போது கங்கப்பன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் பத்து நாள் பசி அவரைக் கிணற்றடிக்கும் அடுப்படிக்குமாக நடக்க வைத்தது. "உங்க அப்பன் கொஞ்சம் பெரிய கையாப் பாத்துப் பெத்திருக்கக் கூடாதா?"

"எங்க அப்பனுக்கு உங்க வயிறு தெரியாதே."

கீரைக் கடைசலும் அவரைக்காயும் தட்டில் குவிந்தன. நடுவில் அந்தச் சிறிய உருண்டை. விழுங்கினால் இரண்டே வாயில் தீர்ந்துவிடும். அதனால் மென்றார். நாற்பத்தைந்து வயதில், ராகிக்கு ருசி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. கார்த்திகையில் புண்ணின் ஓரம் சிவந்து, புதுச் சதை பிடித்தது.

தை மாதம் ராயக்கோட்டையில் வெங்கடம்மாவின் தம்பி நாராயணப்பன் வீட்டுக் கல்யாணம். 'எங்க மாமா வருவாரு' என்று அவன் சம்பந்திகளிடம் மாசக்கணக்கில் பெருமையடித்திருந்தான். அவர்களும் சும்மா இல்லை. கரியப்பன் என்று ஒரு பெருந்தீனிக்காரனைத் தேடிப் பிடித்துக் கங்கப்பனுக்கு எதிர்ப் பந்தியில் உட்கார வைத்திருந்தார்கள். கூட்டம் சுற்றி நின்றது.

ஒப்பட்டுக் கூடை வந்தது. கங்கப்பன் இலைமேல் கை வைத்து மறைத்தார். வெங்கடம்மா தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு களி உருண்டையும் கீரையும் வைத்தாள். அவர் பிட்டு, மெல்ல ஆரம்பித்தார்.

"டேய், மெல்லறாருடா!" என்று யாரோ கத்தினார்கள்.

"இன்னாண்ணா, வயித்தக் கழட்டி வூட்ல வெச்சிட்டு வந்தியா?" என்றான் கரியப்பன்.

"ஆமா தம்பி. காலு ரெண்டையும் மறக்காம எடுத்தாந்திருக்கிறேன்."

நாராயணப்பன் காதருகே குனிந்தான். "மாமா, மானம் போவுது. ஒரு அஞ்சாவது தின்னுங்க."

உருகிய நெய்யின் வாசனை வந்தது. பூரணம் சூடாக இருந்தது. கங்கப்பனின் கை இலையைவிட்டுக் கொஞ்சம் எழும்பியது. சம்மணமிட்ட காலின் கட்டைவிரல் துணிக்கட்டோடு இலைக்குப் பக்கத்தில் தெரிந்தது. கை திரும்பிக் கீரைக்குப் போனது.

"போவட்டும்டா. அடுத்த கல்யாணத்துல வாங்கிக்கலாம்."

கடைசிக் கீரை வரை நிதானமாக மென்று முடித்து, இலையை மடித்து எழுந்தார். கரியப்பன் அன்று தின்றது பத்தொன்பதா இருபதா என்று யாருக்கும் தெரியாது. எண்ண வேண்டியவர்கள் எல்லாம் கங்கப்பன் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாசியில் டாக்டரம்மா குழாயைக் காய்ச்சினார். நீலம் கொதித்தது. நீலமாகவே நின்றது.

"இன்னொரு தபா காச்சுங்க" என்றார் கங்கப்பன்.

மறுபடியும் நீலம். டாக்டரம்மா விரல் கட்டை அவிழ்த்தார். புதிதாகக் கட்டவில்லை.

மறுநாள் விடியும்போதே கங்கப்பன் கபிலையில் மாடு பூட்டினார். ஆறு மாதம் கூலியாள் நின்ற சரிவில் அவர் நின்றார். மாடுகள் இறங்கின, சால் ஏறியது, தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. பின்னுக்கு நடத்தும்போது வலது கட்டைவிரல் மண்ணில் ஊன்றியது. நகம் இன்னும் முளைக்கவில்லை, விரல் இருந்தது. உச்சிக்குள் கடைசிப் பாத்தி நிரம்பியது.

வெங்கடம்மா தட்டோடு வந்தாள். கங்கப்பன் வரப்பில் உட்கார்ந்து உருண்டையை உற்றுப் பார்த்தார். அவள் கையைப் பிடித்து மூடி, உருண்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னிக்குக் கொஞ்சம் பெருசா உருட்டிட்டே" என்று சொல்லி, ஒரு விள்ளலைப் பிட்டு அவள் வாயில் வைத்தார்.