பால் காய்ச்சிய வண்டி

எங்கள் அப்பா ஒரு வீடு கட்டினார். அதற்கு நான்கு சக்கரங்கள் இருந்தன என்று சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். தேனியில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர், புதிதாக வாங்கிய ஒரு சின்ன வேனின் முதுகில் அந்த வீட்டைக் கட்டினார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மடக்கினால் பெஞ்சு, விரித்தால் கட்டில். ஒரு ஓரத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி, இன்னொரு ஓரத்தில் கேஸ் அடுப்பு, சன்னல்களுக்கு அம்மா தைத்த பூப்போட்ட திரைகள். மூன்று எட்டு வைத்தால் மறு சுவர் மூக்கில் இடிக்கும். மேகமலைக்கு வரும் டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடப்போவதாக அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

சின்னமனூரில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். அடுப்படியும் ஒன்றுதான், அது பெரியம்மாவுடையது. காலையில் முதலில் அடுப்பைப் பற்றவைப்பது மூத்த மருமகள்தான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவுக்கு அங்கே காய் நறுக்க உரிமை உண்டு, உப்புப் போட உரிமை கிடையாது. பெரியம்மா கெட்டவள் இல்லை, சத்தியமாக இல்லை. எனக்குத் தலை பின்னிவிட்டதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொண்டதும் அவள்தான். ஆனாலும் தனக்கென்று ஓர் அடுப்பு வேண்டும் என்று அம்மா பன்னிரண்டு வருஷமாக ஜாடைமாடையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தனியாகப் போகிறோம் என்று அண்ணனிடம் சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. அவருக்கு வெல்டிங்தான் வரும். அதனால் இந்த வேன் வந்தது. இதெல்லாம் நான் இப்போது யோசித்துப் பார்த்துச் சொல்வது. அப்போது அது எனக்கு ஒரு பெரிய விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான்.

முதல் பயணத்துக்கு முந்தின வாரம் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. புது வண்டி என்றால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். புது வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டும். இது எது?

"வண்டிக்கு எவனாச்சும் பால் காச்சுவானாடா? பழத்த வையி, ஏத்து, கெளம்பு" என்று பெரியப்பா சிரித்தார்.

அவர் முன்னால் வாயே திறக்காத அம்மா, கதவுக்குப் பின்னால் நின்றபடி, "அடுப்பு இருக்குல்ல. அடுப்பு இருந்தா அது வீடுதான்" என்றாள். நாள் பார்த்துச் சொல்கிறவர் யார் மனமும் கோணாமல், பழமும் வையுங்கள், பாலும் காய்ச்சுங்கள் என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டுக்கும் தனித்தனியாகத் தட்சிணை வாங்கிக்கொண்டார்.

அப்பா, அம்மா, நான். மூன்று பேர் மட்டும் மேகமலை போய், தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வண்டியை நிறுத்தி, பத்தரைக்குள் பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வழியனுப்ப வந்த பெரியம்மா வேனுக்குள் எட்டிப் பார்த்து, "அடி ஆத்தா, திரையெல்லாம் போட்டிருக்காக! ஒரு தடவ உக்காந்து பாத்துட்டு எறங்கிக்கிறேன்" என்று ஏறினாள்.

"எறங்காதீக பெரியம்மா. நீங்களும் வாங்க" என்றேன் நான்.

"எடம் இருக்கா?"

"இங்கன எம்புட்டு எடம் கெடக்கு!"

அம்மா கையிலிருந்த பால் தூக்கை ஒரு தடவை இடம் மாற்றி வைத்தாள். பிறகு, "வாங்கக்கா" என்றாள்.

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பாத்திரங்கள் ஒரு பக்கமாகச் சரிந்தன. "தம்பி, மெதுவாப் போங்க" என்று பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். அம்மா மட்டும் அடுப்போரம் நின்றுகொண்டே வந்தாள். எத்தனை சொல்லியும் உட்காரவில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் சக்கரங்களுக்குக் கல் வைக்க அப்பா இறங்கினார். அம்மா அடுப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றினாள். தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மூடியவள் திறக்கவே இல்லை. பாவம், எப்படிச் செய்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். வீட்டில் ஒரு நாளும் முதல் அடுப்பை அவள் பற்றவைத்ததில்லையே! அந்தத் தீப்பெட்டியை அவள் விரல்களிலிருந்து மெல்ல உருவி பெரியம்மாவிடம் நீட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு வலிக்கிறது.

"பெரியம்மாதானம்மா எப்பவும் பத்தவைப்பாக" என்றேன்.

பெரியம்மா வாங்கிவிட்டாள். பழகின கை தானாக நீண்டுவிட்டது. குச்சியை உரசிய பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உடனே எரிகிற குச்சியை அவளிடம் நீட்டி, "இந்தாத்தா, நீயே வையி" என்றாள்.

அம்மா தலையை ஆட்டினாள். "பரவால்லக்கா. பெரியவுக கையால வச்சாத்தான் வெளங்கும். நீங்களே வைங்க."

நெருப்பு விரலைத் தொடும் வரை பெரியம்மா அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வேறு வழியில்லாமல் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பால் நன்றாகவே பொங்கியது. நான் கைதட்டிக் குதித்தேன். உள்ளே வந்த அப்பா, அடுப்புக்கு முன்னால் நிற்பது யார் என்று பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா நான்கு டம்ளர்களில் சர்க்கரை போட்டு ஊற்றினாள். முதல் டம்ளர் பெரியம்மாவுக்கு.

இறங்கும்போது அம்மா முன்னால் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நடுவில் இருந்த சின்னச் சன்னல் வழியாக அவர்கள் பேசுவது கேட்டது. "அடுத்த வாரம் சுருளி வரைக்கும் போவமா? நாம மூணு பேரு மட்டும்" என்று அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வேணாங்க. வண்டிய சும்மா நிப்பாட்டி வச்சு என்ன செய்ய? நாளைக்கே வாடகைக்கு விட்டுருங்க" என்றாள் அம்மா.

இத்தனை மாதமாக அப்பாவோடு மல்லுக்கட்டியவள் ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்ற பெருமையோடு, பெரியம்மா மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனேன்.