அப்புறம் அக்கா

அந்த அம்மா நூலகத்துக்குள் வந்ததும் வணக்கமெல்லாம் சொல்ல மாட்டார். நேராக, நூலகரான என் மேசைக்கு வந்து, என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொள்வார். எனக்கு உலகமே கலங்கிவிடும். "என்ன சார், இதைப் போட்டுக்கிட்டா புஸ்தகம் தேடுறீங்க? அஞ்சு விரலும் பதிஞ்சு கெடக்கு" என்று குரல் மட்டும் கேட்கும். சாவிக்கொத்தில் தொங்கும் சிறு திருப்புளியால் இரண்டு பக்கத் திருகாணிகளையும் முடுக்குவார். துணியால் துடைத்து மறுபடி என் மூக்கில் மாட்டிவிட்டு, "இப்போ என்னைப் பாருங்க. தெளிவா இருக்கேனா?" என்பார். ஐம்பதை நெருங்கும் முகம், காதோரம் நரை, எதையோ கேட்கப் போகிற மாதிரி எப்போதும் சற்றே திறந்த வாய். அவர் முடுக்கிய திருகாணி மறுபடி தளர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

பகலில் கண்ணாடிக் கடையில் வேலை. இருட்டு அறையில் ஆட்களை உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல நல்லா தெரியுதா, அதுல நல்லா தெரியுதா?" என்று கேட்டே பாதி ஆயுள் போயிற்று என்பார். மாலையில் நேராக எங்கள் சட்டக் கல்லூரி. சட்டத்தின் வாசலையே மிதிக்காதவர்களும் முதுகலை படிக்கலாம் என்று கல்லூரி ஒரு வகுப்பைத் தொடங்கியபோது முதல் ஆளாக வந்து சேர்ந்தவர். முன்பு படித்தது கணிதம். வகுப்பில் பாதிப் பேர் வக்கீல்கள். கறுப்புக் கோட்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்காருவார்கள். இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வாயைத் திறக்க முடியாது. "எங்களுக்குக் கோட்டு கிடையாது சார். மாட்டி வைக்கிற ஹேங்கர் மட்டும் குடுப்பாங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வகுப்பில் அவருக்குப் பெயர் 'அப்புறம் அக்கா'. பேராசிரியர் எந்தத் தீர்ப்பை நடத்தினாலும், கடைசியில் பின் வரிசையிலிருந்து ஒரு கை உயரும். "அப்புறம் என்ன ஆச்சு சார்?" வழக்கு முடிந்துவிட்டதே அம்மா என்பார் பேராசிரியர். "கேஸ் முடிஞ்சிடுச்சு சார். அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" வகுப்பு கொல்லென்று சிரிக்கும். கதை கேட்கிற பழக்கத்தில் வந்துவிட்டார் பாவம் என்று இளம் வக்கீல்கள் என்னிடம் சொல்வார்கள். தேநீர் இடைவேளையில் அதே வக்கீல்கள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவர்முன் வரிசையில் நிற்பார்கள். அதற்கு மட்டும் வெட்கம் கிடையாது.

கதை கேட்கிற பழக்கம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மற்றவர்கள் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, வேண்டியதைக் குறித்துக்கொண்டு கிளம்புவார்கள். இவர் முதல் வரியிலிருந்து வாசிப்பார். வாசித்து முடித்ததும் எழுந்து வந்து, "சார், இதுக்கு மேல யாராச்சும் அப்பீல் போனாங்களா பாருங்க" என்பார். பார்த்துச் சொன்னால், "அதுக்கும் மேல?" என்பார். உச்சிவரை ஏறிப் பார்த்து, இனி ஏறுவதற்கு நீதிமன்றம் இல்லை என்று நான் சத்தியம் செய்தால்தான் மனசு ஆறும். ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்து, "ஏம்மா, என்னை நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "உங்களை நம்புறேன் சார். இந்தத் தீர்ப்பைத்தான் நம்பல" என்று சொல்லிவிட்டு, எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

தம்பி பேருந்து ஓட்டுநர். இவரைச் சட்டம் படிக்கச் சொன்னதே அவன்தான். விண்ணப்பத்தை வாங்கி வந்தவனும், முதல் நாள் வண்டியில் கொண்டுவந்து கல்லூரி வாசலில் விட்டவனும் அவனே. "எங்கக்கா வக்கீலுக்கெல்லாம் வக்கீலாகப் போறா" என்று பணிமனை முழுக்கத் தம்பட்டம் அடித்திருக்கிறான். அந்த முதல் பருவத்தில்தான் அவன் ஓட்டிய பேருந்து ஒரு சுவரில் உரசியது. பிரேக் பிடிக்கவில்லை என்றான் அவன். நிர்வாகம் நம்பவில்லை. கவனக்குறைவாக ஓட்டினேன், மன்னிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுநாளே வேலைக்கு வரலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவன் நேராக அக்காவிடம் ஓடிவந்தான்.

அக்காவிடம் அப்போது ஒரு தீர்ப்பு இருந்தது. வேறு ஏதோ பாடத்துக்காக வகுப்பில் நகலெடுத்துக் கொடுத்தது. செய்யாத தப்புக்கு மன்னிப்பு எழுதித் தரமாட்டேன் என்று நின்ற தொழிலாளியை, மறுபடி வேலைக்கு எடுக்கச் சொன்ன தீர்ப்பு. "அச்சு அசலா நம்ம கதைடா. போடாதே கையெழுத்து" என்று சொல்லிவிட்டார். அவனும் போடவில்லை. வேலையை விட்டு நீக்கினார்கள்; அதே தீர்ப்பை நம்பி அவன் வழக்குப் போட்டான். வழக்கு விசாரணைக்கு வந்த அன்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அந்தத் தீர்ப்பை மேல் நீதிமன்றம் எப்போதோ ரத்து செய்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். தம்பிக்கு வேலை போனது போனதுதான்.

ஒரு தீர்ப்பைக் கையில் எடுத்தால், அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சட்டக் கல்லூரியில் கால் வைத்த முதல் வாரத்தில் எந்தப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். முதுகலையில் யார் சொல்வார்கள்? விருந்துச் சமையல் கற்க வந்தவருக்கு அடுப்புப் பற்றவைக்கச் சொல்லித் தருவதில்லையே. இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"அவன் சண்டை போட்டிருந்தா பரவால்ல சார்" என்றார். "ஒரு வார்த்தை திட்டல. 'உன்மேல தப்பில்லக்கா, உன்கிட்ட வந்து கேட்டது என் தப்பு'ன்னான். அதோட சரி. அப்புறம் பேச்சே இல்ல." இப்போது ஏதோ சரக்கு லாரி ஓட்டுகிறானாம். பாதி நாள் வெளியூர். அக்கா வீட்டு வழியாகத்தான் போயாக வேண்டும் என்றாலும் சுற்றிக்கொண்டு போகிறானாம்.

பிறகு ஏன் படிப்பை விடவில்லை என்று கேட்டேன். "விட்டா அரைகுறையிலேயே நின்னுடுவேன். அந்த அரைகுறைதானே சார் அவனைக் கவுத்துச்சு" என்றார். "முடிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. எங்கெங்க தெரியாம பேசினேன்னாச்சும் முழுசா தெரிஞ்சுக்கிறேன்."

இன்றைக்கு அந்த வகுப்பில் அவரைவிடக் கவனமாகப் படிப்பவர் இல்லை. ஆனால் யாருக்கும் ஒரு வார்த்தை ஆலோசனை சொல்ல மாட்டார். கல்லூரிக் காவலாளி வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, "கையெழுத்துப் போடலாமாம்மா?" என்று கேட்டார். விஷயம் இவருக்குத் தலைகீழ்ப் பாடம். தாளைத் தொடக்கூட இல்லை. "நல்ல வக்கீலா பாத்துக் கேளுங்கண்ணே" என்றவர், "அந்தக் கண்ணாடியைக் குடுங்க, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது" என்று கையை நீட்டினார்.

போன வாரம் கடைசிப் பருவத் தேர்வுக்காக வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் நூலகத்து வாசலில் தயங்கி நின்றாள். இவர் புத்தகத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு எழுந்தார். தம்பியின் மனைவி.

"கடைக்குப் போனேன் அண்ணி, இங்க இருப்பீங்கன்னாங்க." முந்தானைக்குள்ளிருந்து கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு கண்ணாடி. வண்டி ஓட்டுவதற்கானது அல்ல, செய்தித்தாள் வாசிக்கப் போட்டுக்கொள்வது. ஒரு பக்கக் கம்பி தனியாகக் கழன்று கிடந்தது. "வேற கடையில குடுத்துப் பாத்தாரு. அவங்க மாட்டிக் குடுத்தது மூக்குல நிக்கவே இல்லையாம்."

"அவனே குடுத்தனுப்பினானா?"

"ஆமா அண்ணி."

"அப்புறம்? அப்புறம் என்ன சொன்னான்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வேற ஒண்ணும் சொல்லல அண்ணி. சரி பண்ணி வாங்கிட்டு வான்னாரு."

இவர் தலையாட்டினார். சாளரத்துக்குப் பக்கத்தில் போய் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டார். கம்பியைப் பொருத்தி, பைக்குள் தேடி ஒரு புதுத் திருகாணியை எடுத்துப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை முடுக்கினார். வில்லையில் ஊதி ஊதித் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்தார். கைக்குட்டையில் வைத்து மடிக்கப் போனவர் நின்றார். தம்பி மனைவி புத்தக அலமாரிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கவனிக்கவில்லை என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, திருப்புளியை மறுபடி எடுத்து, இறுக்கிய திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்திக் கொடுத்தார்.