மெஷின் இல்லாத காட்சி

மாடி வீட்டுப் பெண்ணுக்குக் 'காலர்' என்று பெயர் வைத்தவள் நான்தான். சட்டைக் கம்பெனியிலிருந்து துணி வாங்கி வந்து, வீட்டிலேயே காலர் தைத்துக் கொடுப்பாள். ஒரு நாளைக்கு நூற்றிருபது. இருபத்து மூன்று வயது. கைக்கும் வாய்க்கும் ஒரே வேகம். வேலை முடிந்ததும் ஊசிக்கு அடியில் ஒரு துண்டுத் துணியை வைத்து, தையல் மெஷினில் துணியை அழுத்தும் பாதத்தை இறக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். "அதுவும் தூங்கணும்ல அக்கா" என்பாள்.

அம்மா இல்லை. அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். தவணை கட்டாத காரை இழுத்துக்கொண்டு போய் எட்டு மாதமாகிறது. கார் போனது, கடன் போகவில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிவது மெஷின் புண்ணியத்தில்தான். அதுவும் போனால் இரண்டு பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இந்த லட்சணத்தில்தான் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் குறும்படம் எடுக்க வந்தார்கள். கஷ்டப்படும் குடும்பத்துப் பெண்ணின் கதையாம். காலரையே நடிக்கச் சொன்னார்கள், அப்பாவாக அவள் அப்பாவையே. வீட்டைச் சுற்றிப் பார்த்த டைரக்டர் தம்பி தலையைச் சொறிந்தான்.

"சிஸ்டர், வீடு இன்னும் கொஞ்சம் ஏழையா தெரியணும். சாமானைக் குறைக்கலாமா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலரும் சிரித்துவிட்டாள். முதல் நாள் டி.வி.யும் நாற்காலிகளும் கீழே என் அறைக்கு இறங்கின, சாயங்காலமே மாடியேறிவிட்டன.

மறுநாள் அவள் கம்பெனிக்குப் போயிருந்த நேரத்தில், நீலத் தார்ப்பாய் போட்ட வண்டி ஒன்று வாசலில் நின்றது. பீரோவையும் டி.வி.யையும் ஏற்றினார்கள். சாயங்காலம் எதுவும் திரும்பவில்லை.

"ஷூட்டிங் முடியிற வரைக்கும் வீடு காலியாவே இருக்கட்டும்னு தம்பி சொல்லிட்டாரும்மா. மொத்தமா வந்துடும்" என்று அப்பா அவளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

அடுத்த நாள் கட்டில் போனது. படிக்கட்டில் எதிர்ப்பட்ட டைரக்டரிடம், "பரவாயில்லையே, வண்டியெல்லாம் பிடிச்சிருக்கீங்க" என்றேன்.

"எங்ககிட்ட ஏதுக்கா வண்டி? கேமரா ஸ்டாண்டையே பஸ்லதான் தூக்கிட்டு வர்றோம்."

அப்படியானால் அந்த வண்டியை வரவழைத்தது அவள் அப்பாதான். அப்போதே மாடியேறிச் சொல்லியிருக்க வேண்டும். ஊர் வம்பையெல்லாம் பேசுகிற இந்த வாய்க்கு அன்றைக்குப் பார்த்து என்ன வந்ததோ, அப்பனும் மகளும் பேசிக்கொள்ளட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

கடைசி நாள் காட்சியில் மெஷின் இருக்கக் கூடாது. கடன்காரன் தூக்கிப் போய்விட்டான், மகள் கேட்கிறாள், அப்பா பொய் சொல்கிறார். இதுதான் கதை. காலர் முந்தின நாளே என்னிடம் வந்தாள்.

"அக்கா, மெஷினை மட்டும் உங்க ரூம்லயே வச்சுக்கோங்க. வேற எங்கயும் போகக் கூடாது. நாளன்னைக்கு முன்னூறு காலர் குடுக்கணும்."

"சரிடி" என்றேன். ஜன்னலோரம் இடம்கூட ஒதுக்கி வைத்தேன்.

காலையில் அவள் தைத்த மூட்டையோடு கிளம்பினாள். கால் மணி நேரத்தில் நீலத் தார்ப்பாய் வந்தது. மெஷினை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள், பின்னால் அவள் அப்பா. ஜன்னலில் நான் நிற்பதைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார். நான் திரையை இழுத்துவிட்டேன்.

பத்து மணிக்கு அவள் திரும்பினாள். நான் மாடி வாசலில் நின்றிருந்தேன். சுவரோரம் மெஷின் இருந்த இடத்தில் நான்கு கால் தடமும், அந்தத் துண்டுத் துணியும் கிடந்தன. அவள் குனிந்து துணியை எடுத்தாள்.

"அக்கா, மெஷின் உங்க ரூம்லதானே இருக்கு?"

அவளுக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். "ரெடியா?" என்று டைரக்டர் குரல் கொடுத்தான். நான் தலையை ஆட்டினேன். இருக்கிறது என்றுதான் ஆட்டினேன்.

அவள் நிம்மதியாகப் போய்ச் சுவரோரம் நின்றாள். கேமரா ஓடியது.

"மெஷின் எங்கப்பா?"

'நாளைக்கு வந்துடும்மா' என்பதுதான் அவர் சொல்ல வேண்டியது. ஒத்திகையில் நான்கு தடவை சொன்னவர். இப்போது வாய் திறந்து மூடியது.

"வராதும்மா. வித்துட்டேன். பீரோ, கட்டில், எதுவும் வராது."

அவள் அவரைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"கட்! சூப்பர்ப்பா, டயலாக்கை மாத்தினது இன்னும் நல்லா இருக்கு" என்று டைரக்டர் துள்ளினான். "சிஸ்டர், நீங்கதான் அப்பாவைப் பாக்காம வாசலைப் பாத்துட்டீங்க. இன்னொரு தடவை எடுத்துடலாம். அப்பா, அதையே திரும்பச் சொல்லுங்க."

அவள் கையில் துண்டுத் துணியோடு, இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.