மிஸ்ஸியின் முதல் வாக்குறுதி

நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் ஒரு மனிதரை உட்காரவைத்து, பதினோராவது மாடியிலிருந்து படிப்படியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள் அவருடைய இரண்டு மகன்கள். கெலுகோரில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாங்கள் ஓட்டுக் கேட்டு ஏறிக்கொண்டிருந்தோம். ஆறாவது மாடித் திருப்பத்தில் இரண்டு கூட்டமும் எதிரெதிரே நின்றுவிட்டன. எங்கள் வேட்பாளர் தோள்பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். தரைக்கு வந்த பிறகுதான், "டயாலிசிஸா? வாரத்துக்கு மூணு தடவையா?" என்று கேட்டார். பின்னால் மூச்சிரைக்க இறங்கி வந்த அந்த மனிதரின் மனைவி, குடியிருப்பில் எல்லோருக்கும் அக்கா, "ஆமா மிஸ்ஸி. லிப்ட் செத்து மாசக்கணக்கா ஆச்சுலா," என்றார்.

எங்கள் வேட்பாளர் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றபோதும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. கட்சிக்காரர்கள் எழுதிக் கொடுத்த முன்னுரிமைகளில் வெள்ளம் வடிவதற்குக் கால்வாய் முதலில் இருந்தது. அப்புறம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்யும் தாய்மாருக்குப் பிள்ளைகள் காப்பகம், பாலர் வகுப்பு. மிஸ்ஸி அன்று மாலையே அந்தத் தாளை வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே லிப்ட் என்று எழுதினார். தனியார் குடியிருப்பு லிப்டுக்குச் சட்டமன்ற உறுப்பினர் எப்படிப் பொறுப்பேற்பது என்று முணுமுணுத்தார்கள். அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு புளோக்கில், அதாவது ஒரு கட்டடத்தில், பாதிக்கு மேல் வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் மாநில நிதிக்கு மனுச் செய்யலாம். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பப் பாரம் போய்ச் சேர வேண்டும். "நான் ஜெயிச்சாலும் தோத்தாலும் மனு போகட்டும்," என்றார்.

தமிழ்த் துண்டறிக்கை என் பொறுப்பு. தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை பார்த்தாலும் எனக்குத் தமிழில் கொஞ்சம் திமிர் உண்டு. மேடையில் வாழ்த்துரை வாசித்துக் கைதட்டு வாங்கியவன். 'பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய வாக்காளப் பெருமக்களே, உழைப்பால் இம்மண்ணை உயர்த்திய உத்தமர்களே' என்று தொடங்கி, மூன்று வரிக்கு வணக்கம் வைத்திருந்தேன். அச்சகத்துக்காரர் போன் செய்து, மலாய், சீனத் தாள்களில் எல்லாம் அடங்கிவிட்டது, தமிழ் மட்டும் வழிகிறது என்று சொல்லி, மூன்று வரியை வெட்டச் சொன்னார். வணக்கத்தை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. கையெழுத்து எதற்கு, பாரம் எங்கே கிடைக்கும், கடைசி நாள் எது என்ற மூன்று வரியை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வீடு போகிறவர்கள் வாயால் சொல்லிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மிஸ்ஸியிடம் காட்டப் போனபோது வேனில் ஏறிக்கொண்டிருந்தார். "உங்கள நம்புறேன் தம்பி, போடுங்க," என்றார்.

தாள் கொடுப்பதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் மாவிலை தொங்கினால் தமிழ்த் தாள், சிவப்புச் சாமிமாடம் இருந்தால் சீனத் தாள், மற்ற வீடுகளுக்கு மலாய்த் தாள். பதினைந்து மாடி ஏறிக் களைத்தவர்கள் யாரும் எதையும் வாயால் சொல்லவில்லை. கம்பிக் கதவில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். எங்கள் நான்கு புளோக்கில் மூன்றிலிருந்து பாரங்கள் வந்து குவிந்தன. மாவிலை அதிகம் தொங்கிய, அக்கா குடியிருந்த நான்காவது புளோக்கிலிருந்து ஒரு கைப்பிடிகூட வரவில்லை. மிஸ்ஸி ஜெயித்தார். மூன்று புளோக்குக்கு லிப்ட் வந்தது. நான்காவது அடுத்த வருட நிதிக்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

அக்காவின் கணவரால் காத்திருக்க முடியவில்லை. மூத்த மகனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, "இன்னிக்கு வேணாம், பையன் பாவம்," என்று ஒரு தடவை டயாலிசிஸுக்குப் போகாமல் விட்டார். பிறகு அதுவே பழக்கமானது. ஒரு வியாழக்கிழமை போய்விட்டார். பெட்டியையும் படி வழியாகத்தான் இறக்கினோம். சாவு வீட்டுக்கு மிஸ்ஸி பதினோரு மாடியும் ஏறி வந்திருந்தார். "எங்க புளோக்குக்கு மட்டும் ஏன் வரல மிஸ்ஸி?" என்று அக்கா கேட்டார். கோபமே இல்லாத குரல். "நான் சரியா சொல்லல அக்கா, என் தப்பு," என்றார் மிஸ்ஸி. நான் பக்கத்தில்தான் நின்றேன். இறங்கும்போது படியில் நின்று என்னிடம் சொன்னார்: "உங்க தாளை அப்புறம்தான் தம்பி படிச்சேன். படிக்காம அனுப்புனது என் தப்பு, நான் ஒத்துக்கிட்டேன். உங்க தப்ப நீங்கதான் போய் சொல்லணும்."

நான் சொல்லவில்லை. நான் கோழை, வேறு காரணம் கிடையாது. மிஸ்ஸிக்கு அடுத்த முறை சீட் கொடுக்கவில்லை; இப்போது மகள் வீட்டில் செபராங் ஜெயாவில் இருக்கிறார், முழங்கால் போய்விட்டது. நான்காவது புளோக்குக்கும் ஒருவழியாக லிப்ட் வந்துவிட்டது. போன வாரம் புது வேட்பாளரின் ஆட்கள் வந்து, தமிழ்த் துண்டறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த சட்டையோடு லிப்டில் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். வெட்டிய மூன்று வரியையும், வைத்துக்கொண்ட மூன்று வரியையும், எதற்காக வைத்துக்கொண்டேன் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அந்த வணக்கத்த எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவ சத்தமா படிச்சாரு தம்பி," என்றார். "நம்மள இதுக்கு முன்னாடி யாரு இப்படியெல்லாம் கூப்பிட்டாங்கன்னு, அவருக்கு அன்னிக்கு அவ்வளவு சந்தோஷம்."